பதினோரு பேர், பன்னிரண்டு எண்

அவர் எண்ணுவார். அவரைப் பற்றி எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேருவேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களை எண்ணுவார். காலையில் ஆஜர் எடுக்கிற மஸ்டரில் எண்ணுவார், சாயங்காலம் வேலை விட்டதும் எண்ணுவார். மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் எங்களோடு ஏறினால் கண்டக்டருக்கு முன்னால் இவர் எண்ணி முடித்திருப்பார். ஒரு தடவை கோத்தகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அழைக்காத ஆள் எத்தனை என்று கணக்குப் பார்க்கிறாரோ என நினைத்துப் பெண்வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. எண்ணி முடித்ததும் அவர் பாட்டுக்கு உட்கார்ந்து ரசத்தைக் குடித்தார்.

அவர் பெயர் வேண்டாம். எங்களுக்கு அவர் மேஸ்திரி. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கவாத்து வெட்டுகிற ஆண்கள் கூட்டத்துக்கு அவர் பொறுப்பு. இலங்கையிலிருந்து வந்தவர். நாங்கள் மஸ்டர் என்பதை அவர் பெரட்டு என்பார். ஐம்பது வயது, ஒல்லி, எந்த வெயிலிலும் கழற்றாத காக்கிக் கோட்டு. சத்தம் போட்டுத் திட்டியதே கிடையாது. எனக்கு அவரிடம் பயம் வந்ததே அதனால்தான். திட்டுகிற ஆள் எவ்வளவு தூரம் திட்டுவான் என்று நமக்குத் தெரியும். சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறவரிடம் ஒன்றும் தெரிவதில்லை.

எங்கள் சரிவில் மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. ஒரு ஆளுக்கு ஒரு வரிசைச் செடி, வரிசைக்கு ஒரு எண். பனி இறங்கியதும் அவர் மேலே பாதையில் நின்று கையைத் தட்டுவார். நாங்கள் கத்தியைத் தாழ்த்திக்கொண்டு அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். இதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒன்று என்ற எண் எங்களில் யாருக்கும் கிடையாது. "ஒண்ணு" என்று அவரே கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு நிற்பார். இரண்டு மூச்சு விடுகிற நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகுதான் முதல் ஆள் "ரெண்டு" என்பான். அப்படியே போய்க் கடைசி எண்ணை மறுபடி அவரே சொல்லி முடிப்பார். அவசரப்பட்டு யாராவது இரண்டைச் சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த இரண்டு மூச்சு நேரம் எனக்குப் பிடிக்காது. பனிக்குள்ளிருந்து நிஜமாகவே யாராவது பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

ஒரு தடவை பதில் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தன், விளையாட்டுக்கு, பொம்பளைக் குரலில் இழுத்து "ஒண்ணு" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவும் இல்லை, யார் அது என்று கேட்கவும் இல்லை. பாதையை விட்டு இறங்கி, எங்களைத் தாண்டி, சரிவின் கடைசியில் ஓடை இருக்கிற பக்கம் போய்விட்டார். எண்ணாமல் விட்டுவிட்டுப் போனதால் நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். ஒரு மணி நேரம் கழித்து ஏறி வந்தபோது முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. "ஒண்ணு" என்று மறுபடி தொடங்கினார். அதன்பிறகு அந்த விளையாட்டை யாரும் விளையாடவில்லை.

எஸ்டேட் வாழ்க்கை தெரியாதவர்களுக்கு இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மஸ்டருக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அரைநாள் போச்சு. பனி நாளில் முகம் தெரியாது, குரல்தான். அதனால் வந்து சேராதவனுக்காகப் பக்கத்து ஆள் தொண்டையை மாற்றிக் குரல் கொடுப்பான். இதை யாரும் பொய்யாக நினைத்ததில்லை. பீடிக்கு நெருப்புக் கொடுப்பது மாதிரி ஒரு உதவி, அவ்வளவுதான். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. மேஸ்திரிக்கு மட்டும் இது ஆகவே ஆகாது. பிடித்தால் இரண்டு பேரையும் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நான் ஏழு. எனக்கு அடுத்த வரிசையில் என் மச்சினன், என் மனைவியின் தம்பி, எட்டு.

அவனுக்கு வலிப்பு உண்டு. இது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ வரும். கேத்தியில் காரட் போடுகிற ஒரு குடும்பத்தில் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் பெண்ணும் போகும், கையிலிருக்கிற கவாத்துக் கத்தியும் போகும். கொட்டகை கூட்டுகிற வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் என் மனைவி என்னிடம் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள்: "ஏனுங்க, அவனை உங்க கண்ணு பாக்கற தூரத்துலயே வெச்சுக்கோங்க." வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பழைய சாவிக்கொத்து ஒன்றை எப்போதும் இடுப்பில் வைத்திருப்பேன். ஒரு நாள் நல்ல பனியில் அவன் வரிசையிலேயே விழுந்துவிட்டான். மடியில் போட்டுக்கொண்டு, கையில் சாவியைத் திணித்துவிட்டு, நான் ஏழும் சொன்னேன், தொண்டையை மாற்றி எட்டும் சொன்னேன். எண்ணிக்கை நிற்காமல் ஒன்பதுக்குப் போய்விட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இப்படிப்பட்ட எங்களுக்குக் கடலில் போய் மீன் பிடிக்கிற ஆசை எங்கிருந்து வந்தது என்றால், மச்சினன் மூலமாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் குளத்தில் தூண்டில் போட்டுக் கெண்டை பிடிக்கிற கூட்டம் ஒன்று எங்களுக்குள் உண்டு. ஃபாக்டரி லாரி ஓட்டுகிற கூடலூர் டிரைவரும் அதில் சேர்த்தி. கொச்சிக்குத் தேயிலை ஏற்றிப் போகிறவன். கோழிக்கோட்டுக்குத் தெற்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் தனக்கு ஒரு படகுக்காரர் பழக்கம், நாள் வாடகைக்குப் படகு தருவார், கடலுக்குள் போய்த் தூண்டிலை இறக்கினால் தொடை கனத்துக்கு மீன் வரும் என்று அவன் ஒரு ஞாயிறு கதை அளந்தான். மச்சினன் பிடித்துக்கொண்டான். கல்யாணத்துக்குள் ஒரு தரம் போயே ஆக வேண்டும் என்றான்.

பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளி. குளிக்கிற வாளியைத் தவிர வேறு தண்ணீரை நம்பியதில்லை. மேஸ்திரி காதில் போட்டால் அவரே நிறுத்திவிடுவார் என்று நினைத்து நானே போய்ச் சொன்னேன்.

"எத்தனை பேரு?" என்றார்.

"பத்துப் பேருங்க."

"நா வேணாம்னா போகாம இருப்பானுங்களா?"

"தெரியலீங்க."

"போவானுங்க. எண்ணாம போவானுங்க. அதுக்கு நா கூட வர்றேன்."

இப்படி நான் வைத்த வேட்டு எனக்கே திரும்பியது. ஆயுத பூஜைக்கு அடுத்து வருகிற இரண்டு நாள் லீவுக்கு நாள் குறித்தாயிற்று.

அதற்கு முன்னால் ஐந்து ஞாயிறுகள் இருந்தன. அந்த ஐந்து ஞாயிறுகளிலும் அவர் எங்களைத் தூண்டில் பக்கமே விடவில்லை. மஸ்டர் கொட்டகைத் தரையில், டிரைவரிடம் அளவு கேட்டு, சுண்ணாம்பால் ஒரு படகு வரைந்தார். முப்பத்திரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். கேபினுக்கு ஒரு பழைய பெட்டி. டிரைவருக்கும் ஒரு எண் கொடுத்து, அதற்குள் எங்களை எண் வாரியாக உட்கார வைத்தார். எழுந்து நடக்கச் சொல்வார், இடம் மாறச் சொல்வார், கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வார். கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் பட்டால், "நீ போயிட்ட. அங்கிட்டு போயி உக்காரு" என்பார். போனவன் அன்றைக்கு முழுக்கக் கொட்டகைச் சுவரோரம் பேசாமல் உட்கார வேண்டும். முதல் ஞாயிறே நான்கு பேர் போனோம். சுவரோரம் உட்கார்ந்து, அந்த வெள்ளைக் கோட்டுக்குள் மிச்சம் இருப்பவர்களைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. சிரிக்க வந்தவர்களும் இரண்டாவது ஞாயிறு சிரிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, சுண்ணாம்புப் படகுக்குள் நடந்துகொண்டிருந்த மச்சினன் பாதியில் நின்றான். கண் ஓரிடத்தில் குத்திட்டுவிட்டது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ராத்திரி தூக்கமில்லீங்க அவனுக்கு" என்றேன்.

மேஸ்திரி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்புறம் எல்லோரையும் உட்காரச் சொன்னார். "யாருக்கு என்னா வியாதி இருந்தாலும் இப்ப சொல்லிருங்க. கடல்ல போயி சொல்லாதீங்க." ஒருவனுக்கு மூச்சிரைப்பு, ஒருவனுக்கு மூலம், டிரைவருக்கு இடது காது கேட்காது. மச்சினன் முறை வந்தபோது அவன் வாயைத் திறப்பதற்குள் நான், "அவனுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"நா எட்டக் கேட்டேன்" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லீங்க" என்றான் மச்சினனும்.

நான்காவது ஞாயிறும் கேட்டார், ஐந்தாவது ஞாயிறும் கேட்டார். இரண்டு தடவையும் நான்தான் முந்திக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம், பேசாமல் சொல்லிவிடலாம் என்றேன். அவள் அழுதாள். "ஒரு நாள் கூத்துங்க. நிச்சயம் பண்ணுனதை நிறுத்திப்போட்டு, எந்த மூஞ்சியோட நான் ஊட்டுக்குப் போவேன்?" என்றாள். அவனிடமே கெஞ்சிப் பார்த்தேன். "மாமா, ஒரு தரம். அப்புறம் சாகற வரைக்கும் நீங்க சொன்னபடி கேக்கறேன்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

புறப்படுவதற்கு முதல் நாள் மேஸ்திரி எல்லோருடைய பையையும் தரையில் கொட்டிப் பார்த்தார். கொழுந்து மூட்டை கட்டுகிற கயிற்றை ஆளுக்கு எட்டு முழம் வெட்டி வைத்திருந்தார். படகில் இடுப்பில் கட்டிக்கொள்ள. பயணத்துக்காக என் பையில் போட்டிருந்த சாவிக்கொத்து விழுந்தது. எங்கள் லைன் வீட்டுக் கதவுக்கு அத்தனை பெரிய சாவி எதற்கு என்று யாருக்கும் தோன்றும். அவர் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். நான் ஒரு பொய்யை யோசித்துக்கொண்டிருக்கும்போதே திருப்பிப் பையில் போட்டார். "பைக்குள்ள வேணாம். கைக்கு எட்டுற எடத்துல வச்சிக்க" என்றார்.

விடியற்காலையில் துறைமுகத்தில் இறங்கினோம். அதுதான் நான் கடலை முதலில் பார்த்தது. பெரிதாக இருக்கும் என்று தெரியும். இப்படி நிற்காமல் அசைந்துகொண்டிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. படகுக்காரர் தாடி வைத்த பெரியவர். டிரைவர் அவரை இக்கா என்று கூப்பிட்டான். எங்கள் பட்டியலில் மேஸ்திரி சொல்கிற கடைசி எண் பன்னிரண்டு என்பதால் அவனும் பன்னிரண்டு பேர் என்றே சொல்லி வைத்திருந்தான். பன்னிரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் தயாராக இருந்தது. எல்லோரும் ஏறியபிறகும் இக்கா கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பன்னிரண்டு பேருன்னல்லே பறஞ்சது? ஒராள் எவிடே?" என்றார்.

மேஸ்திரிதான், "அவ்வளவுதான். எடுங்க" என்றார். பன்னிரண்டாவது பொட்டலத்தைத் தன் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே இறங்கி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. நான் ஓடினால் மச்சினன் தனியாகப் போவான் என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து பேர் வாந்தி எடுத்தோம், பிறகு அதுவும் பழகிவிட்டது. தூண்டில் நரம்பை இறக்கினால் சிவப்புச் சிவப்பாகக் கிளிமீன் ஏறிக்கொண்டே இருந்தது. மச்சினன் ஒருத்தனே ஒரு கூடை பிடித்தான். அத்தனை சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததே இல்லை. இடுப்பில் கயிற்றோடு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து இக்காவின் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெயிலுக்குக் கயிறு அறுத்தது. ஒருவன் அவிழ்த்தான், பார்த்து இன்னொருவன் அவிழ்த்தான். கடைசியில் மேஸ்திரி இடுப்பில் மட்டும்தான் கயிறு இருந்தது. அவர் எட்டாம் எண்ணைக் கேபினை ஒட்டித் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். அரைமணிக்கு ஒரு தரம் கையைத் தட்டினார். "ஒண்ணு" என்றுவிட்டு நின்றார். இக்கா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்துத் திரும்புகிற நேரத்தில் கரைப் பக்கம், எங்கள் மலை இருக்கிற திசையில், கருத்துக்கொண்டு வந்தது. இக்கா ஏதோ சொன்னார், ஆட்கள் தார்ப்பாயை இழுத்தார்கள். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். காற்று ஒரே அடியாக அடித்தது. மழை நேராகக் கொட்டாமல் பக்கவாட்டில் வந்தது. படகின் மூக்கு எழும்பி எழும்பி விழுந்தது. எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தோம். இருட்டும் தண்ணீரும் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எதையோ பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒருத்தன் கால் என்று பிறகு தெரிந்தது. சாகப்போகிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கைத்தட்டல் கேட்டது.

"ஒண்ணு."

அந்த இரண்டு மூச்சு நேரம். அந்தக் காற்றிலும் அவர் அதை விடவில்லை.

"ரெண்டு" என்றான் ஒருத்தன். மூன்று, நான்கு. ஒவ்வொன்றும் கத்தலாக வந்தது. ஆறு முடிந்து, நான் "ஏழு" என்றேன். அடுத்தது வரவில்லை. கேபினை ஒட்டி, மேஸ்திரி பக்கத்தில் இருக்கிறவன்தானே, வாந்தியாக இருக்கும், தார்ப்பாய் வாயை மூடியிருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது நினைக்கக்கூட இல்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் வாய் தானாகத் தொண்டையை மாற்றிக்கொண்டு "எட்டு" என்றது. ஒன்பதாவது ஆள் "ஒம்பது" என்றான். பத்து, பதினொன்று.

பன்னிரண்டு வரவில்லை.

"நிறுத்து" என்றார் மேஸ்திரி. "ஏழும் எட்டும் ஒரே தொண்டை."

அவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதை மட்டும் பார்த்தேன். மண்டியிட்டபடி பின்பக்கமாக ஊர்ந்தார். நானும் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. மச்சினன் மீன்கூடை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று மழை தொடங்கும்போதே பின்பக்கம் ஓடியிருக்கிறான். அங்கே குவித்துக் கிடந்த வலைமேல் குப்புற விழுந்து, இடுப்புக்கு மேலே உடம்பு படகுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு கணுக்கால் வலையில் சிக்கியிருந்தது. அவனைப் பிடித்து வைத்திருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு அலைக்கும் அவன் தலை தண்ணீருக்குள் போய் வந்தது.

மேஸ்திரி அவன் இரண்டு கால்மேலும் தன் முழு உடம்பையும் போட்டுப் படுத்தார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை கேபின் கம்பியில் இருந்தது. "இக்கா" என்று நான் கத்தினேன். ஆட்கள் வந்து, நாலு பேராக இழுத்து உள்ளே போட்டோம். வாயிலிருந்து தண்ணீர் வந்தது, பிறகு மூச்சு வந்தது. நான் சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து மூடினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

மழை வந்த வேகத்திலேயே போனது. கரை தெரிகிற வரைக்கும் மச்சினன் மேஸ்திரியின் மடியில் தலைவைத்துத் தூங்கினான். அவர் தன் காக்கிக் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவர் பேசினார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"மலையிலயும் ஒருதரம் எட்டு சொன்ன. எறங்கி வந்து பாத்தேன். இவன மடியில வச்சிருந்த. அப்படியே ஏறிப் போயிட்டேன்."

"தெரிஞ்சே ஏனுங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றேன்.

"நா வெளிய சொன்னா அந்தக் கல்யாணம் போயிரும், கத்தி போயிரும். நீங்களா சொன்னா இவன மட்டும் நிப்பாட்டலாம்னு இருந்தேன். மூணு வாரம் கேட்டேன். நீ சொல்லல." மடியில் தூங்குகிறவன்மேல் கோட்டை இழுத்துவிட்டார். "பக்கத்துலயே வச்சிருந்தேன். மழை அடிக்கயில இவன் அவுத்துப்போட்ட கயித்தத் தேடக் குனிஞ்சேன். நிமுந்து பாத்தா ஆளக் காணோம். சத்தம் போட்டேன், காத்துல ஒண்ணும் எழும்பல. அதான் எண்ணுனேன். எட்டு வந்திச்சு. ஒரு நிமிசம் நானும் நம்பிட்டேன். இங்கனதான் இருக்கான்னு."

அதற்கப்புறம் நான் எதுவும் கேட்காமலே அவராகச் சொன்னார். இலங்கையில் அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். கொழுந்து எடுப்பவள், முதல் வரிசை, ஒன்றாம் எண். இவருக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு நாள் பனியில், உடம்பு சரியில்லை என்று ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாள். கங்காணி எண்ணத் தொடங்கிவிட்டான். அக்காவுக்கு அரைநாள் போய்விடுமே என்று இவர் அவள் குரலில் "ஒண்ணு" என்றிருக்கிறார்.

"எண்ணிக்கை சரியா இருந்திச்சு. எல்லாரும் லயத்து வீட்டுக்குப் போயிட்டோம். அக்கா முன்னாடி போயிருக்கும்னு நெனச்சேன். ஆளக் காணோம்னு தெரிஞ்சு கங்காணிகிட்ட ஓடுனா, பெரட்டுல இருந்தாளே, எங்கயாச்சும் சொந்தக்காரவுங்க லயத்துக்குப் போயிருப்பான்னுட்டான். யாரும் மலைக்குப் போகல. மறுநா காலையில ஓடையில கெடந்திச்சு. ரா முழுக்க உசுரு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு."

அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. பன்னிரண்டாவது பொட்டலம் அவர் பக்கத்தில் நனைந்து, பிரிக்காமல் அப்படியே இருந்தது.

மலை ஏறியதும் நானும் மனைவியும் கேத்திக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, விஷயம் தெரிந்தே ஒரு பெண் வந்தாள். கத்தியும் போனது. மச்சினனை நர்சரிக்கு மாற்றினார்கள். மாற்றச் சொல்லி மேஸ்திரிதான் துரையிடம் நின்று பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. மேஸ்திரி ஓய்வு பெற்று மகனோடு போகும்வரை அதே மாதிரிதான் எண்ணினார். ஒன்று என்று கூப்பிட்டுவிட்டு நிற்பார். கடலுக்குப் போய் வந்தபிறகு அந்த இரண்டு மூச்சு நேரத்தில் நான் தொப்பியைக் கழற்றிக்கொள்வேன். அவர் இறந்த செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்ததே மூன்று மாதம் கழித்துத்தான்.

மச்சினனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் பனி இறங்கினால் என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்: "ஏனுங்க, தம்பி வந்துட்டானா?" நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்தே அவன் செருப்புச் சத்தம் கேட்கும், இருமல் கேட்கும். இருந்தாலும் முட்டிவலியோடு எழுந்து, கதவைத் திறந்து, அவன் வாசல் வரைக்கும் போய் நிற்பேன். அவனுக்கும் தெரியும். திரும்பிப் பார்க்காமலே, "எட்டு" என்பான். முகத்தைத் திருப்பச் சொல்வேன். திருப்புவான். பார்த்துவிட்டு வந்துதான் அவளிடம் சொல்வேன், வந்துவிட்டான் என்று.